கட்டியை எடுத்தாச்சு, ரிப்போர்ட்ல வேற பேர் வந்திருக்கு!
(டாக்டரம்மா பதில்கள்)

கேள்வி: வணக்கம் டாக்டரம்மா. எனக்கு 43 வயசு. இடது மார்புல எலுமிச்சம்பழம் அளவு கட்டி, வலியே இல்ல, நாலு மாசத்துல மளமளன்னு பெருசாயிடுச்சு. ஊசி போட்டு உறிஞ்சி டெஸ்ட் பண்ணதுல சாதாரண நார்க்கட்டின்னு வந்துச்சு, ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. இப்ப பயாப்சி ரிப்போர்ட்ல ‘பார்டர்லைன் ஃபில்லோடஸ் ட்யூமர், மார்ஜின் பாசிட்டிவ்’னு போட்டிருக்கு, மறுபடி ஆபரேஷன் பண்ணணுமாம். கத்தி பட்டதாலதான் இப்படி ஆச்சு, இனிமே கை வெக்க வுடாதன்னு நாத்தனார் சொல்லிக்கினே இருக்காங்க. இது கேன்சரா? கீமோ குடுப்பாங்களா?
- பேர் வேணாம், குடியாத்தம்

பதில்: மொதல்ல நாத்தனாருக்கு பதில் சொல்லிடறேன். கத்தி பட்டு எதுவும் மாறலம்மா, அது ஆரம்பத்துலருந்தே ஃபில்லோடஸ்தான், ஊசி டெஸ்ட்ல தெரியல, அவ்ளோதான். மெல்லிசு ஊசியில வர்றது கொஞ்சம் செல்லுங்க மட்டும்தான், நார்க்கட்டிக்கும் இதுக்கும் அதுல வித்தியாசம் கண்டுபிடிக்கறது ரொம்ப கஷ்டம். தடி ஊசியில சதைத்துண்டு எடுக்கற கோர் பயாப்சி இன்னும் நல்லது, ஆனா அதுலயும் சில சமயம் நழுவிடும், முழு கட்டியையும் மைக்ராஸ்கோப்ல பாத்தாதான் உறுதி. நாப்பது வயசு பக்கம் ஒரு கட்டி இவ்ளோ வேகமா வளந்தா, ஸ்கேன் என்ன சொன்னாலும் சந்தேகப்படணும்.

மார்புல வர்ற கட்டிங்கள்ல நூத்துல ஒண்ணு கூட இது இருக்காது. பால் குழாயில வர்ற வழக்கமான கேன்சர் வேற, இது சுத்தி இருக்கற நார்ச்சதையில பொறக்கறது. சாதா, பார்டர்லைன், கேன்சர்னு மூணு வகை, உங்களுது நடுவுல நிக்குது. இதுக்கு கீமோ கிடையாது, வழக்கமான மார்பு கேன்சருக்கு குடுக்கற ஹார்மோன் மாத்திரையும் கிடையாது, அக்குள் நெறிகட்டியையும் பொதுவா எடுக்க மாட்டாங்க. கேன்சர் வகையா இருந்தா கூட இது ரத்தம் வழியா நுரையீரலுக்குத்தான் அதிகமா போகும், அதனால அந்த வகைக்கு நெஞ்சு சிடி ஸ்கேன் எடுப்பாங்க.

ஆனா ரெண்டாவது ஆபரேஷன தள்ளிப் போடாதீங்க. மார்ஜின் பாசிட்டிவ்னா வெட்டின ஓரம் வரைக்கும் கட்டி இருக்குன்னு அர்த்தம், சாதா வகைன்னா பாத்துக்கலாம்னு வுடுவாங்க, பார்டர்லைன்னா சுத்தி ஒரு சென்டிமீட்டர் நல்ல சதையோட எடுக்கறதுதான் வழக்கம். மிச்சம் வெச்சா திரும்ப வரும், வரும்போது சிலருக்கு முன்னைவிட மோசமான வகையா வரும்.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, இத எல்லாருக்கும் சேத்துதான் சொல்றேன். ஆபரேஷன் பண்ண இடத்துல ஸ்லைடையும் (கட்டியோட மெல்லிசு சீவல் ஒட்டின கண்ணாடி) மெழுகு பிளாக்கையும் (கட்டித் துண்ட மெழுகுல பதிச்சு வெச்சது) கேட்டு வாங்குங்க, பேப்பர் மட்டும் போதாது. அத வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியிலயோ அடுக்கம்பாறை மெடிக்கல் காலேஜ்லயோ குடுத்து இன்னொரு பேத்தாலஜிஸ்ட பாக்க சொல்லுங்க, ஏன்னா இந்த மூணு வகைக்கு நடுவுல கோடு ரொம்ப மெல்லிசு, ரெண்டு பேர் ரெண்டு மாதிரி சொல்றது உண்டு, உங்களுக்கு என்ன ஆபரேஷன்ங்கறதே அதுலதான் இருக்கு. (பிளாக்க வண்டி டிக்கியில போட்டு வெயில்ல நிறுத்தாதீங்க, நம்ம வேலூர் அக்னி நட்சத்திரத்துக்கு மெழுகு தாங்காது!)

திரும்ப வர்றதுன்னா பெரும்பாலும் மொதல் ரெண்டு மூணு வருஷத்துக்குள்ளதான் வரும். அது வரைக்கும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா டாக்டர் கையால பாத்து ஸ்கேன் எடுக்கணும், அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவ. நடுவுல தழும்புகிட்ட புதுசா எது தட்டுப்பட்டாலும் தேதி வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.

கேள்வி: என் தங்கச்சிக்கு 31 வயசு. மார்புல கட்டி, பயாப்சியில ‘டெஸ்மாய்ட்’னு வந்திருக்கு. ஆபரேஷன் வேணாம், எம்ஆர்ஐ எடுத்துகினு பாத்துக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. காசில்லாதவங்கன்னு அலட்சியமா மேடம்?
- ஒரு அண்ணன், ஆற்காடு

பதில்: இல்லங்க, நல்ல டாக்டர்தான் அப்படி சொல்லுவாரு. டெஸ்மாய்ட்ங்கறது நார்ச்சதையில வர்ற ஒரு கட்டி, வேற உறுப்புக்கு பரவாது, ஆனா அக்கம்பக்கத்து சதைக்குள்ள வேர் விட்டுக்கினு போகும், வெட்டினாலும் திரும்ப வர்ற ஜாதி. நெறைய பேருக்கு அது வளராம நின்னுடும், சிலருக்கு தானா சுருங்கியும் போகுது, அதனாலதான் முன்ன மாதிரி ஒடனே கத்தி எடுக்கறதில்ல. மொதல் எம்ஆர்ஐ ஒண்ணு ரெண்டு மாசத்துல, அப்புறம் மூணுலருந்து ஆறு மாசத்துக்கு ஒண்ணு. வளந்துகினே போனா சோராஃபெனிப் மாதிரி மாத்திரை இருக்கு. பழைய எம்ஆர்ஐ ஃபிலிம், அத பதிஞ்சு குடுத்த சிடி தட்டு ஒண்ணையும் தூக்கிப் போடாதீங்க, பக்கத்துல வெச்சு பாத்தாதான் வளந்ததா இல்லையான்னு தெரியும். குடும்பத்துல யாருக்காவது குடல்ல நெறைய பாலிப் (சின்னச் சின்ன சதை வளர்ச்சி) இருந்திருந்தா கட்டாயம் டாக்டர்கிட்ட சொல்லுங்க, ரெண்டுக்கும் தொடர்பு உண்டு. கர்ப்பத்துல இது வளர வாய்ப்பு இருக்கு, குழந்தைக்கு ப்ளான் பண்றதா இருந்தா முன்னாடியே பேசிடுங்க.

கேள்வி: அம்மாவுக்கு 7 வருஷம் முன்னாடி மார்பு கேன்சர், ஆபரேஷனும் கரன்ட்டும் (ரேடியேஷன்) முடிஞ்சி நல்லா இருந்தாங்க. இப்ப கரன்ட் வெச்ச எடத்துல தோல் ஊதாவா, அடிபட்ட மாதிரி இருக்கு. எண்ணெய் தடவினா போயிடுமா?
- காட்பாடி வாசகி

பதில்: எண்ணெய் வேணாம், இந்த வாரமே ட்ரீட்மென்ட் குடுத்த எடத்துல காட்டுங்க. ஆஞ்சியோசர்கோமான்னு ரத்தக்குழாய்ல வர்ற கேன்சர் ஒண்ணு, ரொம்ப அபூர்வம், கரன்ட் வெச்சு பல வருஷம் கழிச்சு தோல்ல இப்படித்தான் ஆரம்பிக்கும். மேமோகிராம் (மார்பு எக்ஸ்ரே) நார்மலா இருக்குன்னு யாராவது திருப்பி அனுப்பினா வந்துடாதீங்க, தோல் பயாப்சி கேளுங்க. அதுல ஒண்ணுமில்லன்னு வந்தும் திட்டு பரவிக்கினே இருந்தா மறுபடி பயாப்சி எடுக்க சொல்லுங்க.