நுரையில செம்பு கரையுமா?

கேள்வி: எங்க கொலுசு பட்டறைல மிஞ்சுற செம்புத் தூள ஆசிட் நுரையிலயே கரைக்கலாம்னு தம்பி சொல்றான், கதை விடறானா சார்?
- வாசகர், செவ்வாய்பேட்டை, சேலம்

பதில்: இல்லீங்க, நிஜம்தான். டைல்யூட் சல்ஃப்யூரிக் ஆசிட் மட்டும் செம்ப ஒண்ணும் பண்ணாது, கூட ஆக்சிஜன் வேணும், ஆனா காத்துல இருந்து ஒரு லிட்டர் தண்ணியில கரையறதே சுமாரா 8 மில்லிகிராம்தான், அதான் இழுத்துக்கிட்டே போகும். நுரையில குமிழிக்குள்ளயே காத்து, சுவரும் ரொம்ப மெல்லிசு, ஆக்சிஜன் சட்டுனு உலோகத்துக்கிட்ட வந்துடும், ஆசிட்டும் கொஞ்சம் போதும். அணு உலைப் பக்கம் பெரிய டேங்க் உள்ள ஆசிட் நுரை விட்டு கழுவறதும் கழிவு குறையத்தான். பட்டறைல மட்டும் வேண்டாங்க, தூள்ல இரும்போ துத்தநாகமோ கலந்திருந்தா ஹைட்ரஜன் குமிழிக்குள்ள சேரும், பக்கத்துலயே பத்தவைக்கற நெருப்பு வேற!