எஸ்கே கால்வாயைத் திறப்பது கால்சியமா, கால்மோடுலினா?

நரம்புச் செல்லில் எஸ்கே வகைப் பொட்டாசியம் கால்வாய் கால்மோடுலின் என்ற புரதத்தின் மூலமாகத் திறக்கிறது என்று தேர்வில் எழுதியதற்கு மதிப்பெண் தரவில்லை, 'கால்சியம் நேரடியாகத் திறக்கிறது' என்பதே சரியான விடை என்கிறார்கள், யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதுதான் சரி. முதுநிலை மாணவராக இருப்பீர்கள், திருத்திய விடைத்தாள் இன்னும் கையில் இருக்கும் என்று நினைக்கிறேன். இதே வாக்கியத்துக்காக நானும் அடி வாங்கியிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் விஷயம். எஸ்கே கால்வாய், அதாவது செல் சவ்வில் பொட்டாசியம் வெளியேறும் புரத வழி, மின்னழுத்த மாற்றத்தால் திறப்பதில்லை. செல்லுக்குள் கால்சியம் ஏறினால்தான் திறக்கும். மின்துடிப்பின்போது உள்ளே வரும் கால்சியம் அதைத் திறக்கிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது, அடுத்த துடிப்பு தள்ளிப்போகிறது. ஆனால் கால்வாயின் சொந்த உடலில், இந்தத் திறப்பை நடத்துவதற்குக் கால்சியம் வந்து அமரும் இடம் கிடையாது. அந்த இடங்கள் கால்மோடுலினில் இருக்கின்றன. 148 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம் அது. இரண்டு மடல்கள், மடலுக்கு இரண்டாக, கால்சியத்தைப் பிடிக்கும் நான்கு 'ஈஎஃப் கைகள்'. கால்வாயின் நான்கு துணை அலகுகளும், செல்லின் உட்புறம் நீண்டிருக்கும் தங்கள் வாலில் ஆளுக்கொரு கால்மோடுலினைச் சுமந்துகொண்டிருக்கின்றன. 'சி' (C) எனப்படும் மடல் கால்சியம் இல்லாமலேயே அந்த வாலைப் பற்றியிருக்கும். மற்ற மடலான 'என்' (N) மடல் காத்திருக்கும். ஓய்வில் சுமார் 0.1 மைக்ரோமோலாராக இருக்கும் கால்சியம் அரை மைக்ரோமோலார் அளவுக்கு ஏறும்போது 'என்' (N) மடல் அதைப் பிடித்து, கால்வாயின் நான்காவது, ஐந்தாவது சவ்வுச் சுருள்களை இணைக்கும் பகுதியைப் பற்றி இழுக்கிறது. கதவு திறக்கிறது. நெருங்கிய உறவான எஸ்கே4 கால்வாயில் இந்த இழுப்பை ஆய்வாளர்கள் லீ, மெக்கின்னன் இருவரும் 2018இல் குளிர்நிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமாகவே காட்டிவிட்டார்கள்.

இனி என் கதை. ஆய்வுப் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. செல் சவ்விலிருந்து ஒரு துண்டைக் கண்ணாடிக் குழாய் முனையில் பிய்த்தெடுத்து, அதன் உட்பக்கத்தை, கால்சியத்தை உறிஞ்சும் இஜிடிஏ கலந்த கரைசலால் நீண்ட நேரம் கழுவியிருந்தேன். மிதந்துகொண்டிருக்கும் புரதம் எதுவானாலும் போயிருக்க வேண்டும். மறுபடி கால்சியம் கொடுத்தால் மின்னோட்டம் அப்படியே திரும்பியது. கால்மோடுலின் தடுப்பு மருந்துகளை ஊற்றினேன், குறையவில்லை. தேர்வாளர் அந்த வரைபடத்தைச் சுட்டிக்காட்டி, "தடுப்பானுக்கு அசையவில்லை, கழுவினாலும் போகவில்லை. அப்படியானால் கால்மோடுலினுக்கு இங்கே வேலை இல்லை என்றுதானே பொருள்?" என்றார்.

அவர் கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லை. பலர் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். ஆனால் கழுவினாலும் போகாத ஒன்று, இல்லாத ஒன்றாகிவிடுமா? அந்த மருந்துகள் கால்சியம் ஏறிய கால்மோடுலினின் நீர்வெறுக்கும் குழிகளில் போய் அமர்பவை. கால்வாயின் வாலோடு ஏற்கெனவே பின்னிக்கிடக்கும் கால்மோடுலினை அவற்றால் கழற்ற முடியவில்லை. அடெல்மன், மேய்லி குழுவினர் 1998இல் நேச்சர் இதழில் இதை வெளியிட்டிருந்தார்கள். என் அடுத்த படத்தில் இன்னும் வலுவான சான்று இருந்தது: முதல் இரண்டு ஈஎஃப் கைகளைக் கெடுத்த கால்மோடுலினைச் சேர்த்தால் கால்வாய் கால்சியத்துக்குச் செவிசாய்ப்பதில்லை, மூன்றாவதையும் நான்காவதையும் கெடுத்தால் ஒன்றும் ஆவதில்லை. அந்தப் படத்துக்குப் போகவே என்னை விடவில்லை. அத்தியாயத்தைத் திருத்தி எழுதச் சொன்னார்கள். மூன்று மாதம் போனது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தச் சோதனைகள் அத்தனைக்கும் குழாய் முனைகளை இழுத்து, சூட்டில் மெருகேற்றித் தந்தவர் எங்கள் ஆய்வகத் தொழில்நுட்பப் பணியாளர். முனை ஒரு மைக்ரோமீட்டர் அளவில் சீராக இல்லையென்றால் சவ்வு ஒட்டாது. சவ்வு ஒட்டாவிட்டால் தரவு இல்லை. அந்த அக்காவின் கை இல்லாமல் என் பட்டம் இல்லை. ஆய்வகத்துக்குள் எட்டிப் பார்க்காதவர்களின் பெயர்கள்கூடக் கட்டுரையில் வந்தன. அவர் பெயர் நன்றி வரியில்கூட இல்லை. நான் கேட்டேன், இடமில்லை என்றார்கள். இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

"பிகே கால்வாயை மறந்துவிட்டாயா" என்று யாராவது வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். மறக்கவில்லை. அதுவும் கால்சியத்தால் திறக்கும் பொட்டாசியம் கால்வாய்தான். அங்கே கால்சியம் நேரடியாகக் கால்வாயின் உட்பகுதியில் உள்ள 'கால்சியம் கிண்ணம்' போன்ற இடங்களில்தான் அமர்கிறது, கால்மோடுலின் தேவையில்லை. மின்னழுத்தமும் அதைத் திறக்க உதவுகிறது. உங்கள் விடைத்தாளைத் திருத்தியவர் பிகேயை மனத்தில் வைத்து எஸ்கேயைத் திருத்தியிருக்கலாம். எல்லாக் கால்வாயிலும் கால்மோடுலின் கதவைத் திறக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. கேசிஎன்க்யூ என்ற வேறொரு வகைப் பொட்டாசியம் கால்வாய்களிலும் கால்மோடுலின் வாலில் ஒட்டியே இருக்கிறது. ஆனால் அங்கே கால்சியம் ஏறினால் மின்னோட்டம் குறைகிறது. கேவி4 என்ற இன்னொரு வகைப் பொட்டாசியம் கால்வாய்களுக்கு வேறு துணை: 2000இல் கண்டறியப்பட்ட கேசிப் புரதங்கள். அவையும் ஈஎஃப் கைகள் கொண்டவைதான். கால்வாயைச் செல் சவ்வுக்குக் கொண்டுசேர்ப்பதும், அடைபட்ட கால்வாய் விரைவில் மீள உதவுவதும் அவற்றின் வேலை.

மறுமதிப்பீட்டுக்கு எழுதும்போது 'கால்சியம் சார்ந்த பொட்டாசியம் கால்வாய்' என்று பொதுவாக எழுதாதீர்கள். எஸ்கே என்று பெயர் சொல்லி எழுதுங்கள். 1998 கட்டுரையின் முதல் பக்கத்தை இணையுங்கள். தடுப்பான் கேள்வி நிச்சயம் வரும், அதற்கான பதிலை முதல் பத்தியிலேயே வைத்துவிடுங்கள்.