டூரிஸ்டாகப் போய் கோ தாவோவில் டைவிங் சொல்லிக்கொடுக்கலாமா?

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 26, ஸ்கூபா இன்ஸ்ட்ரக்டர் தேர்வு முடித்துவிட்டார். தாய்லாந்தின் கோ தாவோ தீவில் ஒரு டைவ் ஷாப் வேலைக்குக் கூப்பிடுகிறதாம். "இப்போதைக்கு டூரிஸ்டாக வந்துவிடு, ஒர்க் பெர்மிட்டை இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம், சம்பளம் மாணவர் தலைக்கு இவ்வளவு" என்கிறார்களாம். போகலாமா என்று கேட்கிறார்.

தம்பி, கோ தாவோவுக்குப் போங்கள். ஆனால் அவர்கள் சொல்லும் வழியில் போகாதீர்கள்.

டூரிஸ்டாக வருகிறவர்களுக்குத் தரும் அனுமதி ஊர் சுற்றிப் பார்க்க மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு சம்பளம் வாங்கி ஒரு மாணவரைத் தண்ணீரில் இறக்கினாலும் அது சட்டவிரோத வேலைதான். பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாத் வரை அபராதம், நாடு கடத்தல், அதன்பின் இரண்டு வருடம் ஒர்க் பெர்மிட் கிடைக்காது. முதலாளிக்கும் அபராதம் உண்டு, ஆனால் அவர் ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை, நீங்கள்தான் போக வேண்டும்.

என் முதல் சீசனில் நானும் இப்படித்தான் அங்கே போனேன். செக்கிங் வருகிறது என்று போன் வந்தால், படகிலிருந்து இறங்குமுன் கடையின் டி-ஷர்ட்டைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு கஸ்டமர் மாதிரி நடந்து போகச் சொல்வார்கள். கடைசி மாதச் சம்பளத்தைத் தராமல் இழுத்தடித்தபோது யாரிடமும் போய்ச் சொல்ல முடியவில்லை, சொன்னால் முதலில் மாட்டுவது நான்தான் என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

பணம் போனால்கூடப் பரவாயில்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. உங்கள் பொறுப்பில் இருக்கும் ஒரு மாணவர் நீருக்குள் பதறி மூச்சை அடக்கிக்கொண்டு விருட்டென்று மேலே போய் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள்? தாய்லாந்தில் கவனக்குறைவால் மரணம் ஏற்படுத்தினால் பத்து வருடம் வரை சிறை. நீங்கள் எல்லாவற்றையும் முறைப்படி செய்திருந்தாலும், பெர்மிட் இல்லாமல் போலீஸ் முன்னால் நிற்கும் வெளிநாட்டுக்காரரின் பேச்சு எடுபடுவது கஷ்டம். இன்ஸ்யூரன்ஸ் கம்பெனியும் இதையே காரணம் காட்டிக் கைவிரிக்கலாம்.

சரி, கடைகள் ஏன் இழுத்தடிக்கின்றன? ஒரு வெளிநாட்டவருக்குப் பெர்மிட் எடுக்க, பொதுவாக நிறுவனத்துக்கு 20 லட்சம் பாத் மூலதனமும் நான்கு தாய்லாந்து ஊழியர்களும் கணக்கில் இருக்க வேண்டும். சின்னக் கடைக்கு அதில் ஒன்றிரண்டு பெர்மிட்தான் தேறும், ஆனால் சீசனில் ஆறேழு இன்ஸ்ட்ரக்டர்கள் தேவைப்படும். அதனால், "உங்களிடம் இப்போது எத்தனை பெர்மிட் இருக்கிறது, அதில் எனக்கு ஒன்று இருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள். இருக்கிறது என்றால், முதலாளி அங்கே தொழிலாளர் துறையில் விண்ணப்பித்து வாங்கிய கடிதத்தை அனுப்பட்டும், அதை வைத்து நீங்கள் ஊரிலிருந்தே நான்-பி விசாவுக்கு, அதாவது வேலைக்குப் போகிறவர்களுக்கான விசாவுக்கு, விண்ணப்பிக்கலாம். அந்த விசாவில் 90 நாள் கிடைக்கும், பெர்மிட் வந்தபின் ஒரு வருடத்துக்கு நீட்டிப்பார்கள். இன்னொன்று, சுற்றுலா வழிகாட்டி வேலை அங்கே தாய்லாந்துக்காரர்களுக்கு மட்டுமே. எனவே பெர்மிட்டில் உங்கள் வேலை இன்ஸ்ட்ரக்டர் என்றே இருக்க வேண்டும். இன்ஸ்ட்ரக்டருக்கு ஒரு படி கீழே, டைவர்களுக்கு வழிகாட்டும் டைவ்மாஸ்டராகப் போகிறவர்களுக்குப் பெர்மிட் கிடைப்பது கடினமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வேலையை விட்டால் விசாவும் அத்தோடு போய்விடும், கோபத்தில் ராஜினாமா செய்யுமுன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

தலைக்கு இவ்வளவு என்ற சம்பளம் அங்கே சகஜம்தான், அதில் ஏமாற்று இல்லை. ஆனால் மாணவர் வராத வாரம் காசும் வராது. கோ தாவோ சுமார் 21 சதுர கிலோமீட்டர் தீவு, உலகத்திலேயே அதிகம் பேர் டைவிங் படிக்கும் இடங்களில் ஒன்று, அங்கேயே மாதா மாதம் புது இன்ஸ்ட்ரக்டர்கள் உருவாகிக்கொண்டே இருக்கிறார்கள், பாதிப் பேர் அங்கேயே தங்கப் பார்க்கிறார்கள். உங்களுக்குக் கைகொடுப்பது மொழிதான். இந்தியச் சுற்றுலாப் பயணிகள் நிறைய வருகிறார்கள், தமிழோடு இந்தியும் பேசினால் பேரம் பேச இடம் உண்டு. நவம்பர், டிசம்பரில் கடல் கொந்தளித்துப் படகே ஓடாத நாட்கள் வரும், மூன்று மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

அப்புறம் உடம்பு. ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்ப நிலை வகுப்பில் காற்று தீர்ந்தால் மேலே வரும் பயிற்சி இருக்கிறதல்லவா, ஆறு முதல் ஒன்பது மீட்டரிலிருந்து. மாணவருக்கு அது ஒரே தரம். உங்களுக்கோ நான்கு மாணவர் என்றால் நான்கு தரம் ஏறி இறங்க வேண்டும், அதுவும் அன்றைய மற்ற டைவ்களோடு சேர்த்து. காதும் சைனஸும் முதலில் அடிவாங்கும், மேலே ஏறும்போது உடம்புக்குள் வாயுக் குமிழ்கள் உருவாகும் டீகம்ப்ரஷன் ஆபத்தும் கூடும். சளி பிடித்திருக்கும்போது "இன்று இறங்க மாட்டேன்" என்று சொன்னால் அந்தக் கடையில் என்ன நடக்கும் என்று அங்கே ஏற்கெனவே வேலை செய்பவரிடம் விசாரியுங்கள். எனக்கு அதுதான் நல்ல கடையா இல்லையா என்பதற்கு அடையாளம். சாதாரணப் பயண இன்ஸ்யூரன்ஸ் பெரும்பாலும் சம்பளத்துக்கு டைவ் அடிப்பவரைச் சேர்க்காது, தொழில்முறை டைவருக்கான பாலிசி தனியாக எடுங்கள். தீவில் எல்லோரும் ஸ்கூட்டர்தான், இருசக்கர லைசென்ஸ் இல்லாமல் அந்தச் செங்குத்துச் சாலைகளில் விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு மொத்தமும் உங்கள் தலையில்.

கடைக்காரரிடம் பெர்மிட் கேள்வியை மெயிலில் எழுத்தாகக் கேளுங்கள், போனில் வேண்டாம். பதிலும் ஒப்பந்தமும் வந்தால் அனுப்புங்கள், கையெழுத்துப் போடுமுன் நான் படித்துச் சொல்கிறேன்.