புள்ளி வைக்க வேண்டிய இடம்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒரு கிராமம். ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் 12 வருடமாக இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறேன். வாரம் ஆறு நாள் மைக்ரோமீட்டரும் கேஜும்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நானும் என் நண்பனும் பைக்கை எடுத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் இறந்த வீரர்களுக்கு நட்ட நடுகல் தேடிப் போய்விடுவோம். ஆறு வருடத்தில் 43 கற்களைப் பார்த்துக் குறிப்பு எடுத்திருக்கிறோம். அதைச் சின்னப் புத்தகமாகப் போடலாம் என்று எழுத உட்கார்ந்து மூன்று வருடம் ஆகிறது. முதல் அத்தியாயத்தையே 11 முறை எழுதிவிட்டேன். ஒரு கல்லில் இரண்டு எழுத்து புரியவில்லை. இன்னொன்றின் படம் மங்கல். விஷயம் தெரிந்தவர்கள் படித்துவிட்டு, இதுகூடத் தெரியாமல் எழுத வந்துவிட்டான் என்று சொன்னால் என்ன செய்வது? நண்பன் இப்போதெல்லாம் புத்தகத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை.

போன வாரம் ஒன்று நடந்தது. என் மகள் இரண்டாம் வகுப்பு. ‘ழ’ எழுதினாள், கோணலாக வந்தது, அழித்தாள். மறுபடி எழுதினாள், அழித்தாள். தாள் ஓட்டையாகிவிட்டது. ஏன் கண்ணு இப்படி என்று கேட்டால், “நல்லா இல்லேன்னா நீங்க கிழிச்சிடுவீங்களே” என்கிறாள். முன்பு ஒரு பக்கத்தை நான் கிழித்தது உண்மைதான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

போதும் என்று விடுவது சோம்பேறித்தனம் இல்லையா ஐயா? வேலையில் அப்படி விட்டால் ஜாப், அதாவது செய்து அனுப்பிய பாகம், திரும்பி வந்துவிடும். எங்கே நிறுத்துவது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் பாப்பா. அந்தப் பக்கத்தைக் கிழித்தது அப்பா செய்த தப்பு என்று அவளிடம் இன்றைக்கே சொல்லுங்கள். சுற்றி வளைக்காமல், அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். அப்புறம் ரப்பரைக் கொஞ்ச நாளைக்கு எடுத்து வைத்துவிடலாம். தப்பாக வந்த எழுத்தின்மேல் ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே அடுத்ததை எழுதட்டும். கோணல் ‘ழ’வும் நேரான ‘ழ’வும் ஒரே வரியில் இருந்தால், தான் கற்றுக்கொண்டு வருவது அவள் கண்ணுக்கே தெரியும். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து மளிகைச் சீட்டோ எதுவோ எழுதுங்கள். அடித்துத் திருத்தி எழுதுவதை அவள் பார்க்கட்டும்.

டொனால்ட் வின்னிகாட் என்று இங்கிலாந்தில் ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். உளப்பகுப்பாய்வும் செய்தவர். 1953ல் வெளியான ஒரு கட்டுரையில் ‘போதுமான அளவு நல்ல தாய்’ என்று எழுதினார். கைக்குழந்தைக்குத் தாய் முதலில் ஏறக்குறைய முழுசாக வளைந்து கொடுக்கிறாள். குழந்தை தாங்கத் தாங்க, கொஞ்சம் கொஞ்சமாக அதைக் குறைத்துக்கொள்கிறாள். பால் கொஞ்சம் தாமதமாகிறது, கூப்பிட்ட உடனே ஆள் வருவதில்லை. இந்தச் சின்னச் சின்னக் குறைகள் வழியாகத்தான் உலகம் தன் இஷ்டப்படி நடக்காது என்று குழந்தை பழகுகிறது என்றார் அவர். குறையே வைக்காத பெற்றோர் பிள்ளைக்கு நல்லது செய்வதில்லை என்பது அவர் கருத்து. பாப்பா விஷயத்தில் இது உங்களுக்கு ஒரு தைரியம் தரும் என்று நம்புகிறேன்.

சரி, இப்போது கம்பெனிக்கு வருவோம். போதும் என்று விட்டால் ஜாப் திரும்பி வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வேலை தெரியாது. ஆனால் என் சித்தப்பா மகன் ஓசூரில் ஒரு டூல் ரூமில் இருந்தான். ஒருமுறை அவன், துளையின் அளவு சரியா என்று பார்க்கும் பிளக் கேஜ் ஒன்றை என் கையில் கொடுத்துக் காட்டினான். உள்ளங்கைக்கு அடங்குகிற இரும்புத் துண்டு. ஒரு முனை நீளம், இன்னொன்று குட்டை. குட்டை முனைப் பக்கம் சிவப்புப் பூச்சு. நீள முனை துளைக்குள் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும், சிவப்பு முனை வாயிலேயே நின்றுவிட வேண்டும். அவ்வளவுதான், ஜாப் பாஸ். துளை கரெக்டாக எவ்வளவு என்று அந்தக் கேஜ் சொல்வதே இல்லை. அது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

25 மில்லிமீட்டர் துளைக்கு எச்7 என்ற டாலரன்ஸ் குறியை, அதாவது எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்பதை, டிராயிங்கில் போட்டிருந்தால் 25.000 முதல் 25.021 வரை எதுவாக இருந்தாலும் சரி. என்னைவிட உங்களுக்கு இது நன்றாகத் தெரியும். 25.000 மட்டும்தான் வேண்டும் என்று எந்த டிராயிங்காவது கேட்டதுண்டா? கேட்டாலும் எந்த மெஷினும் தராது. அளவு என்பதே 20 டிகிரி வெப்பத்தில் என்று உலகம் பேசி வைத்துக்கொண்டது. அறையில் 30 டிகிரி இருந்தால் அந்த 25 மில்லிமீட்டர் இரும்பு கிட்டத்தட்ட 3 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு, பெருத்துவிடும். இரும்புக்கே இவ்வளவு விட்டுக்கொடுக்கிறார்கள். அந்த டாலரன்ஸை யாரும் சோம்பேறித்தனம் என்று சொல்வதில்லை. உள்ளே எந்த ஷாஃப்ட் போகப்போகிறது, எப்படிச் சுற்றப்போகிறது என்று யோசித்து, வேலை தொடங்கும் முன்னாலேயே ஒருவர் உட்கார்ந்து போட்ட கணக்கு அது. தேவையில்லாத இடத்தில் அதை இறுக்கினால் கிரைண்டிங், ஹோனிங் என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

எங்கே நிறுத்துவது என்று கேட்டீர்கள். எழுதி முடித்துவிட்டு அன்றைக்கு இருக்கிற மனநிலையை வைத்து முடிவு செய்தால் நிறுத்தவே முடியாது. போச்சம்பள்ளிச் சந்தைக்கு ஆடு வாங்கப் போகிறவர் பல், கால், விலை என்று மூன்றை மனதில் வைத்துக்கொண்டு போகிறார். மூன்றும் பொருந்துகிற முதல் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்கிறார். சந்தையில் இருக்கிற அத்தனை ஆட்டையும் பார்த்து, அதில் ஆகச் சிறந்ததை வாங்குவேன் என்று நின்றால் சந்தை கலைந்துவிடும். மனிதர்கள் இப்படித்தான் முடிவெடுக்கிறார்கள், நேரமும் தகவலும் அளவாக இருக்கும்போது இப்படித்தான் எடுக்கவும் முடியும் என்று ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்க அறிஞர் 1950களில் எழுதினார். ‘திருப்தி’, ‘போதும்’ என்ற இரண்டு பொருளையும் ஒட்டவைத்து ஆங்கிலத்தில் அதற்குத் தனியாக ஒரு சொல்லையே புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1978ல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது.

உங்கள் புத்தகத்துக்கும் ஒரு டிராயிங் போடுங்கள். எங்கே இறுக்கம் வேண்டும்? கல்லில் இருக்கிற வாசகம், எழுத்து எழுத்தாக. கல் நிற்கிற இடம். பார்த்த தேதி. காட்டிக்கொடுத்தவர் சொன்னது எது, நீங்களாக ஊகித்தது எது என்ற பிரிவினை. இதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். நடை, முன்னுரை, படத்தின் அழகு இதெல்லாம் தளர்வாக இருக்கலாம். 11 முறை எழுதிய முதல் அத்தியாயம் நடுகல் மரபின் பொது வரலாறாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதை எழுத வேறு ஆட்கள் உண்டு. இந்த 43 கற்களைப் பற்றி எழுத நீங்கள் இரண்டு பேர்தான் இருக்கிறீர்கள். முதல் அத்தியாயத்தை இரண்டு பக்கமாக்கிவிட்டுக் கற்களுக்குப் போய்விடுங்கள்.

புரியாத இரண்டு எழுத்தை நினைத்து நீங்கள் பட்டிருக்கும் பாடு எனக்கு வருத்தமாக இருந்தது. ஏனென்றால் அதற்குக் கல்வெட்டுத் துறையிலேயே வழி வைத்திருக்கிறார்கள். சந்தேகமான எழுத்தைப் பகர அடைப்புக்குள் போடுகிறார்கள். சிதைந்து போன எழுத்துக்குப் புள்ளி வைக்கிறார்கள். அச்சான கல்வெட்டுத் தொகுதி எதைப் புரட்டினாலும் வரிக்கு வரி இந்த அடைப்பும் புள்ளியும் இருக்கும். ஒருவர் புள்ளி வைத்துவிட்டுப் போன இடத்தை இருபது வருடம் கழித்து இன்னொருவர் நல்ல வெளிச்சத்தில் படித்துவிடுகிறார். முதல் ஆள் அச்சுக்குக் கொடுத்ததால்தான் இரண்டாவது ஆளுக்கு அந்த இடம் தெரிந்தது. விஷயம் தெரிந்தவர்கள் என்ன சொல்வார்கள் என்று பயப்படுகிறீர்கள். புள்ளி வைத்ததற்காக யாரும் குறை சொல்ல மாட்டார்கள். புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் ஊகத்தை எழுதினால்தான் கோபப்படுவார்கள்.

அந்தக் கற்களையே பாருங்கள். தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள், நீங்கள் கட்டாயம் போயிருப்பீர்கள். கல்லை இழைத்து மெருகேற்றிய வேலை அதில் அதிகம் இல்லை. கிடைத்த பலகைக்கல்லில் வில்லும் வாளுமாக ஒரு உருவம், மேலே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. வரி மேலேறும், கீழிறங்கும். இடம் போதாமல் கடைசி எழுத்துகள் நெருங்கி நிற்கும். பல கற்களில் மெய்யெழுத்துக்குப் புள்ளியே கிடையாது. மகேந்திரவர்மன் என்ற பல்லவப் பேரரசன் பெயர் ‘மயீந்திரபருமன்’ என்று ஜனங்கள் வாயில் வந்தபடியே இருக்கும். செங்கம் பக்கம் எடுத்தனூரில் அவன் ஆட்சிக் காலத்துக் கல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப்போய் இறந்தவனுக்கு நட்ட கல். இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்ற அவனுடைய நாயையும் அதில் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். வெட்டியவர் நல்ல கல் கிடைக்கட்டும், இலக்கணம் தெரிந்தவர் வரட்டும் என்று காத்திருந்தால் 1,400 வருடத்துக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அரூர் பக்கம் ஒரு புளியந்தோப்பு ஓரத்தில் ஒரு நடுகல்லைப் பார்த்தேன். உச்சி வெயில். அந்த வெயிலில் எழுத்தின் நிழலே விழாது, உங்களுக்குத் தெரியும். போனில் இரண்டு படம் எடுத்தேன், இரண்டும் வெளுத்துப் போயிருந்தன. இன்னொரு நாள் காலை வெயிலில் வந்து, தாளும் மையும் கொண்டுவந்து முறையாக மைப்படி எடுக்கலாம் என்று திரும்பிவிட்டேன். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றினால் கருப்பில் வெள்ளையாக எழுத்து எழுந்து வரும். அப்படி ஒன்று கையில் வந்தால்தான் எழுதுவேன் என்று இருந்தேன். வெளுத்த படம் எதற்கு என்று அந்த இரண்டையும் போனிலிருந்து அழித்தும் விட்டேன். மூன்று வருடம் கழித்துப் போனபோது தோப்பு இல்லை. மனை பிரித்துக் காம்பவுண்ட் சுவர் எழுப்பியிருந்தார்கள். கல் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அஸ்திவாரத்துக்குள் போயிருக்கும் என்றார் ஒரு பெரியவர். அந்த வெளுத்த படங்கள் இருந்திருந்தால் இன்றைக்குக் கம்ப்யூட்டரில் இருட்டாக்கி நாலு எழுத்தாவது படித்திருக்கலாம்.

அதனால் நண்பருக்கு இன்றைக்கே போன் போடுங்கள். 43 கற்களுக்கும் கல்லுக்கு ஒரு பக்கம், உங்களிடம் இப்போது இருக்கிற குறிப்பையும் படத்தையும் வைத்து. மங்கலான படம் மங்கலாகவே வரட்டும், எப்போது எடுத்தது என்று கீழே எழுதிவிடுங்கள். தையும் மாசியும் வெயில் சாய்வாக விழுகிற காலம், அப்போது போய்ப் பார்க்கிற கற்களை அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம்.

இன்னொரு உதவி. கடைசியில் ஒரு பக்கம் மிச்சம் இருந்தால், காணாமல் போன கல் என்று தலைப்பிட்டு அந்த அரூர் கல்லையும் சேர்க்க முடியுமா? படம் இல்லை. மூன்று வரி இருந்தது, மூன்றாவது வரியில் ‘தொறு மீட்டு’, அதாவது மாட்டு மந்தையை மீட்டு, என்ற இரண்டு சொல்லை மட்டும் விரலால் தடவிப் படித்தேன். வீரன் இடது கையில் வில் இருந்தது. தோப்பு இருந்த இடத்தைத் தனி அஞ்சலில் எழுதுகிறேன். மற்றதற்கெல்லாம் புள்ளி வைத்துவிடுங்கள்.

அன்புடன்.