ஒட்டவிடுங்கள், ஒட்டுக் கேட்காதீர்கள்

கே: என் செயலியில், நகலெடுத்தது தற்காலிகமாகத் தங்கும் கிளிப்போர்டிலிருந்து கூப்பன் எண்ணை எடுக்க, திரை முன்னுக்கு வரும்போது ஓடும் ஆன்ரெஸ்யூமில் நிரல் எழுதினேன். ஆண்ட்ராய்டு 9இல் கிடைக்கிறது. 10இல் வெறுமையாக வருகிறது.

ப: 10 முதல், ஃபோகஸ் இருக்கும் செயலிக்கும், அதாவது பயனரின் தொடுதலையும் தட்டச்சையும் அப்போது வாங்கும் செயலிக்கும், பயனர் தேர்ந்த கீபோர்டுக்கும் மட்டுமே கிளிப்போர்டு திறக்கும். ஆன்ரெஸ்யூம் ஓடும் நேரத்தில் உங்கள் திரைக்கு ஃபோகஸ் வந்திருக்காது. ஃபோகஸ் வந்ததைச் சொல்லும் ஆன்விண்டோஃபோகஸ்சேஞ்டு வரை காத்திருந்தால் கிடைக்கும். ஆனால் பயனர் கேட்காமல் ஏன் படிக்கிறீர்கள்? 12 முதல், இந்தச் செயலி கிளிப்போர்டைப் படித்தது என்று திரையின் அடியில் ஒரு வரி வந்து உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘ஒட்டு’ என்று ஒரு பட்டன் வையுங்கள்.

கே: ஐபோனில் ஒட்டும்போதெல்லாம் அனுமதி கேட்கிறது.

ப: ஐஓஎஸ் 16 முதல் அப்படித்தான். ஆப்பிளே தரும் யூஐபேஸ்ட்கன்ட்ரோல் என்ற ஒட்டும் பட்டனைப் பயன்படுத்துங்கள், கேட்காது. மறுபடியும் சொல்கிறேன்: பயனர் தொடாமல் படிக்காதீர்கள்.

கே: காப்பி பேஸ்ட் வேலை செய்யவில்லை. அவசரம்!

ப: எந்தப் போன், எந்தப் பதிப்பு, எந்த வரி? கடிதத்தில் அவசரத்தைத் தவிர ஒன்றுமே இல்லை.

கே: நகலெடுத்ததும் இரண்டு அறிவிப்புகள் வருகின்றன.

ப: ஒன்று ஆண்ட்ராய்டு 13 காட்டுவது, மற்றது உங்களுடையது. உங்களுடையதை 12 வரைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: பாதுகாப்புக்காகப் பாஸ்வேர்டு பெட்டியில் ஒட்டுவதைத் தடுக்கச் சொல்கிறார் எங்கள் மேலாளர். எப்படி?

ப: சொல்லித்தர மாட்டேன். ஒட்டுவதைத் தடுத்தால் கிளிப்போர்டு காலியாகிவிடுமா? நகலெடுத்த பாஸ்வேர்டு அங்கேயேதான் கிடக்கும். இருபது எழுத்துப் பாஸ்வேர்டைக் கையால் அடிக்கச் சொன்னால், மக்கள் பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்த்து வைத்துக்கொள்வார்கள். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியே ஒட்ட அனுமதிக்கச் சொல்கிறது. போன மாதம் ஒரு செயலி கணக்கு எண்ணை ஒட்டவிடவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த எண்ணை மின்கட்டண ரசீதின் பின்பக்கம் எழுதி, அதைப் பார்த்து அடித்தேன். நடுவில் வரிசையாக நின்ற பூஜ்யங்களில் ஒன்று விட்டுப்போய், மூன்றாம் முறைதான் ஏற்றது. இதுவா பாதுகாப்பு? அக்கறை இருந்தால் நகலெடுக்கும் பக்கத்தைக் கவனியுங்கள். ஆண்ட்ராய்டு 13இல் ரகசியம் என்று குறியிட்டால் முன்னோட்டத்தில் எழுத்துகள் தெரியாது. ஐஓஎஸ்ஸில் இந்தக் கருவிக்குள் மட்டும் என்று பொருள்படும் லோக்கல்ஒன்லி கொடுத்தால் பக்கத்து மேக் கணினிக்குப் போகாது. காலாவதி நேரமும் வைக்கலாம்.

கே: முழு நாவலையும் நகலெடுத்தால் செயலி விழுகிறது.

ப: ஆண்ட்ராய்டில் செயலிகளுக்கிடையே தரவைக் கடத்தும் பைண்டரின் இடம் சுமார் 1 எம்பி, அதுவும் பங்கு போட்டுக்கொள்வது. கோப்பாக்கி, அதன் முகவரியான யூஆர்ஐயைக் கொடுங்கள்.

கே: ஒட்டிய தமிழ்ப் பெயரின் கடைசிப் புள்ளி காணாமல் போகிறது.

ப: நீளவரம்பு வைத்திருப்பீர்கள். ‘முருகன்’ நமக்கு நான்கு எழுத்து; உகரக் குறிகளையும் புள்ளியையும் தனியே எண்ணும் நிரலுக்கு ஏழு. ஆறில் வெட்டினால் ‘முருகன’தான் மிஞ்சும். எழுத்தின் எல்லையைக் கண்டுசொல்லும் பிரேக்இட்டரேட்டரை வைத்து முழு எழுத்தாக எண்ணுங்கள்.