மூன்று இலக்கமா, ஒன்று மட்டுமா?

கேள்வி: கடந்த பாராளுமன்றத் தேர்தலுக்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்த வேட்பாளர் தந்த துண்டுப்பிரசுரத்தில் மூன்று விருப்பிலக்கங்கள் (விருப்பு வாக்குப் போடுவதற்கான வேட்பாளர்களின் எண்கள்) இருந்தன. மற்ற இரண்டையும் பேனையால் வெட்டிவிட்டு, "எனக்கு மட்டும் போடுங்கோ அம்மா" என்றார். மூவரும் ஒரே பட்டியல். இது ஏன்? நாங்கள் எப்படிப் போடுவது?
— வாசகி, முள்ளியவளை

பதில்: தங்கச்சி, அந்தப் பேனைக் கீறலை ஆட்டக் கோட்பாட்டில் 'கைதிகளின் இக்கட்டு' என்பார்கள்: ஆளாளுக்குத் தன் லாபத்தைப் பார்க்க, கடைசியில் எல்லோரும் நட்டப்படும் நிலை. வன்னித் தேர்தல் மாவட்டத்தில் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு என மூன்று மாவட்டத்துக்கு மூன்று பேர்; ஆளுக்கு 8,000 சொந்த வாக்கு; தன் ஆட்களிடம் மூன்று இலக்கத்துக்கும் வாக்குக் கேட்பதென்று மூவரும் பேசிக்கொண்டார்கள் என்று வையுங்கள். பேச்சு மாறாவிட்டால் மூவருக்கும் 24,000. ஒருவர் மட்டும் வெட்டினால் அவருக்கு அதே 24,000. மற்ற இருவரும் 16,000க்கு இறங்குவார்கள். வீடு வீடாக நடக்கும் வெட்டு வெளியே தெரியவும் மாட்டாது. அதனால் மூவருக்கும் கை துருதுருக்கும். மூவரும் வெட்டினாலோ ஆளுக்கு 8,000தான். அதே பட்டியலில் சத்தமில்லாமல் 10,000 எடுத்த நாலாமவர் முந்திவிடுவார். அடிக்கடி ஆடும் ஆட்டமென்றால் அடுத்தமுறை பழிவாங்குவார்கள் என்ற பயம் இருக்கும். 2015, 2020, 2024 என்று வரும் ஆட்டத்தில் அந்தப் பயம் குறைவு.

உங்கள் கணக்கு வேறு. பட்டியலுக்கு எத்தனை ஆசனம் என்பதைக் கட்சிக்குப் போடும் புள்ளடிதான் தீர்மானிக்கிறது. விருப்பிலக்கம் உள்ளே போவது யார் என்பதை மட்டும். வன்னியின் 6 ஆசனங்களில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 2015இல் 4, 2020இல் 3 எடுத்தது. அப்படிக் கிடைக்குமென்றால் மூன்று இலக்கமும் தாராளமாகப் போடலாம். 2024இல் தேசிய மக்கள் சக்திக்கு 2. வேறு நான்கு பட்டியல்களுக்கு ஒவ்வொன்று. ஒரே ஆசனம் எடுக்கும் பட்டியலில் உங்கள் இரண்டாவது புள்ளடி உங்கள் முதலாமவரையே விழுத்தலாம். மூன்றும் போட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் பிடித்தவருக்கு வாய்ப்பே இல்லையென்றால், வெல்லக்கூடியவர்களில் ஏற்கத்தக்க ஒருவருக்கு இரண்டாவதைக் கட்டாயம் போடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மூன்று மாவட்டங்களில் வாக்காளர் குறைந்தது முல்லைத்தீவுதான். இந்த உடன்பாடு குலைந்தால் அதிகம் இழப்பது உங்கள் மாவட்டம். வவுனியாவில் இருக்கும் எனக்கே அது பொறுக்கவில்லை. அடுத்தமுறை அவர் படலையடிக்கு வந்தால், மன்னாரிலும் வவுனியாவிலும் மற்ற இருவரும் அவருடைய இலக்கத்துக்கு வாக்குக் கேட்கிறார்களா என்று நேரே கேளுங்கள். "ஓம்" என்றால், வெட்டாத துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தரச் சொல்லுங்கள்.