ஐந்து பவுண்ட் நோட்டா, நாடக நோட்டீஸா?

கேள்வி: மும்பை சோர் பஜார் மட்டன் தெருவில் வாங்கிய பழைய படச்சட்டத்தின் அட்டைக்குப் பின்னால், ஐந்து பவுண்ட் நோட்டு மாதிரி ஒரு தாள் கிடைத்தது. உற்றுப் படித்தால் லண்டன் அரங்கு ஒன்றின் பெயர், நாடகத்தின் பெயர், "திங்கட்கிழமை, செப்டம்பர் 14" என்ற தேதி. ஆண்டு இல்லை. கள்ள நோட்டா சார்? லேமினேட் செய்யலாமா? என் மகனின் பிறந்தநாள் அழைப்பிதழை நம் 500 ரூபாய் நோட்டு போலவே அச்சடிக்கவும் ஆசை.
– ஒரு வாசகி, செம்பூர்

பதில்: கள்ள நோட்டு இல்லை அம்மா, விக்டோரியா ராணி காலத்து நாடக விளம்பரம். விக்டோரியா காலத்து பேங்க் ஆஃப் இங்கிலாந்து நோட்டு, வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் ஒரு பக்கம் மட்டும் அச்சானது. இடது மேல் மூலையில் பிரிட்டனின் சின்னமான பிரிட்டானியா என்ற பெண் உருவம், நடுவில் பணம் தருவதாக உறுதிமொழி, கீழே காசாளர் கையெழுத்து. வண்ணமே இல்லாததால் அந்தச் சாயலைக் கொண்டுவருவது அச்சகத்துக்குப் பெரிய வேலையில்லை. தொகை வரும் இடத்தில் அரங்கின் பெயர், பணத்துக்குப் பதில் நல்ல நாடகம் தருவதாக உறுதி, காசாளர் இடத்தில் மேலாளர் என்று மாற்றிவிடுவார்கள். வெறும் நோட்டீஸ் தந்தால் கசக்கி எறிவார்கள். ஐந்து பவுண்ட் கீழே கிடந்தால் குனியாதவர் யார்?

வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அசல் நோட்டுக்கான தாளை 1724 முதல் போர்ட்டல்ஸ் ஆலை தயாரித்தது. அதில் நீர்க்குறி (வாட்டர்மார்க்) தெரியும். உங்கள் தாளில் அது இருக்காது.

இந்த விளையாட்டுக்கு முன் ஒரு துயரக் கதை உண்டு. 1797ல் ஒரு பவுண்ட், இரண்டு பவுண்ட் நோட்டுகள் வந்தன. போலி செய்வது சுலபம், பிடிபட்டால் தூக்கு. கொதித்துப்போன ஓவியர் ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் 1819ல் தூக்கில் தொங்கும் மனிதர்களை வரைந்து ஒரு கண்டன நோட்டையே வெளியிட்டார். அடுத்த தலைமுறை நாடகக்காரர்கள் அதே வடிவத்தை ஆள் திரட்டப் பயன்படுத்தியதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ஆண்டு இல்லையே என்று வருந்தாதீர்கள். நோட்டீஸ் அந்த வாரத்துக்கானது, ஆண்டு யாருக்கு வேண்டும்? மாதுங்காவில் நான் சேர்த்து வைத்திருக்கும் தமிழ் நாடக நோட்டீஸ்களிலும் பலவற்றில் ஆண்டு கிடையாது. கிழமையைப் பிடித்துக்கொள்ளுங்கள். விக்டோரியா ஆட்சியில் செப்டம்பர் 14 திங்களாக வந்தது ஒன்பதே முறை: 1840, 1846, 1857, 1863, 1868, 1874, 1885, 1891, 1896. அந்த நாடகம் அந்த அரங்கில் எப்போது ஓடியது என்று பார்த்தால் பெரும்பாலும் ஒன்றுதான் மிஞ்சும். 1838ல் தொடங்கிய 'தி ஏரா' என்ற வார இதழ் லண்டன் அரங்கச் செய்திகளுக்குப் பெயர்போனது. அதன் பழைய இதழ்களில் தேடுங்கள். நாடகமும் நாளும் உறுதியானால்தான் சேகரிப்பாளர்கள் நல்ல விலை சொல்வார்கள். மடிப்புக்கோடு இருந்தால் தேய்த்துச் சரிசெய்ய வேண்டாம். யாரோ ஒருவர் இதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார் என்பதற்கு அதுவே சாட்சி. என் கண்ணுக்கு மொடமொடப்பான தாளைவிட அதுதான் உயர்ந்தது.

லேமினேட் வேண்டவே வேண்டாம். சூடும் பசையும் தாளோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்க வழியில்லை. செலோடேப்பும் கூடாது. அமிலமில்லாத அட்டையோடு மைலார் என்ற தெளிந்த பாலியெஸ்டர் உறையில் போட்டு, வெளிச் சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். பி.வி.சி. உறை ஆகாது. மும்பை மழைக்காலத்தில் ஈரமும் இராமபாணப் பூச்சியும் சேர்ந்தே வரும். மழை விட்டதும் எடுத்துப் பாருங்கள்.

அழைப்பிதழ் விஷயத்தில் கவனம். நம் நோட்டைப் போலவே தோன்றும் தாளை அச்சிடுவது நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 182ஆம் பிரிவின்படி குற்றம், அபராதம் உண்டு. உங்கள் வெள்ளைத் தாளின் அமைப்பில் பையன் பெயரைப் பெரிதாகப் போட்டு, தொகையே இல்லாமல், அஞ்சலட்டை அளவில் அடியுங்கள். காசாளர் இடத்தில் பாட்டி கையெழுத்துப் போடட்டும்.